அடங்கியதும் அடக்கியதும்

1822ஆம் ஆண்டு டிசம்பரில் ஆங்கிலேய இளைஞர் ஒருவர், தந்தையைப் போல் நேசித்த உறவினர் ஒருவரோடு சில நாட்கள் தங்குவதற்காக ஸ்காட்லாந்து மலைப்பகுதிக்குப் பயணமானார். போய்ச் சேர்ந்தபோது உறவினர் இறந்திருந்தார். இறுதிச் சடங்கு முடிந்த சில நாட்களில் இளைஞரின் கண்கள் மங்கத் தொடங்கின. தமக்கு வந்த கடிதங்களைப் பிறர் படித்துக்காட்டவும், பதில்களைப் பிறர் எழுதவும் வேண்டியதாயிற்று. பின்னர் அயர்லாந்துக்குச் சென்றார். கண்ணுக்கு எந்த மருத்துவமும் செய்யாமலே பார்வை முழுமையாகத் திரும்பியது. 1827இல் ஃபிளாரன்ஸ் நகரில் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. தொடர்ந்து கால்கள் வலுவிழந்தன. நாளைக்கு இருவேளை மாட்டிறைச்சியும், அதனோடு மதுவகைகளும் கொள்ளுமாறு மருத்துவர் பணித்தார். அவ்வாறே உண்டார். வலிமை மீண்டது.

அவர் பெயர் அகஸ்டஸ் டெஸ்டே. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பேரன். அவர் எழுதிவைத்த நாட்குறிப்பை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயைப் பற்றி நோயாளி ஒருவரே எழுதிய மிகப் பழைய பதிவுகளுள் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். பாரிஸ் மருத்துவர் ஷார்கோ இந்நோயைத் தெளிவாக வரையறுத்தது 1868இல்தான். டெஸ்டே அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1848இல் இறந்துவிட்டார். ஸ்காட்லாந்தில் மங்கிய கண் தானாகத் தெளிந்தது. ஃபிளாரன்ஸில் தளர்ந்த கால் மாட்டிறைச்சிக்குப் பின் தேறியது. இரண்டு முறையும் உடலுக்குள் நடந்தது ஒன்றே. ஆனால் இரண்டாவது முறை பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. பெருமை தட்டுக்குப் போனது.

இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் தட்டுதான் பெருமை பெறுகிறது. தட்டில் உள்ள பண்டம் மட்டும் மாறியிருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் குழுக்களிலும் ஆசிரியர்களின் முகநூல் பக்கங்களிலும் ஒரு வகைக் கதை இடையறாது சுற்றிவருகிறது. இளம் வயதில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. மருத்துவர்கள் வாழ்நாள் முழுவதும் மருந்து என்கிறார்கள். அவர் கோதுமையை விடுகிறார், பாலை விடுகிறார், சர்க்கரையை விடுகிறார், நாளில் பதினாறு மணிநேரம் உண்ணாமல் இருக்கிறார், விடியலில் எழுகிறார். சில மாதங்களில் கைத்தடியை எறிகிறார், மருந்தையும் எறிகிறார். கீழே முந்நூறு பேர் கைகூப்பும் குறி இடுகிறார்கள். அவர்களுள் முனைவர் பட்டம் பெற்றோர் பலர். ஆய்வு நெறியியல் கற்பிப்போர் சிலர்.

இக்கதைகளை எழுதுவோர் பொய்யர்கள் அல்லர். பெரும்பாலோர் உண்மையிலேயே நோயுற்று, உண்மையிலேயே தேறியவர்கள். பிழை அவர்கள் கூறும் நிகழ்ச்சிகளில் இல்லை. அந்நிகழ்ச்சிகளைக் கோக்கும் வினைச்சொல்லில் இருக்கிறது.

தமிழ் பேசுவோர் இதைப் பிறரினும் எளிதாகக் கண்டுகொள்ள வேண்டும். அடங்கு–அடக்கு, நீங்கு–நீக்கு, திரும்பு–திருப்பு, ஆறு–ஆற்று, மாறு–மாற்று என இணை இணையாக வினைகளை வைத்திருக்கும் மொழி இது. இவற்றைத் தன்வினை, பிறவினை என்று பள்ளியில் கற்பிக்கிறார்கள். கு. பரமசிவம் இந்த இணைகளை விரிவாக ஆராய்ந்து, ஒன்றில் எழுவாய் நிகழ்ச்சிக்கு ஆட்படுகிறது, மற்றொன்றில் எழுவாய் நிகழ்ச்சியைச் செலுத்துகிறது என்று வேறுபாட்டை விளக்கினார். நோய் அடங்கியது என்பது ஒரு செய்தி. நோயை அடக்கினேன் என்பது முற்றிலும் வேறொரு செய்தி. முன்னது கண்டதைச் சொல்கிறது. பின்னது காரணத்தைச் சொல்கிறது. ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாகும் இடைவெளியில், கட்டுப்பாட்டுக் குழு வேண்டிய, பல்லாண்டு வேண்டிய, பல நூறு பேர் வேண்டிய ஆய்வு முழுவதும் தாண்டப்பட்டுவிடுகிறது.

இந்தத் தாண்டல் எல்லா நோய்களிலும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் அது ஏன் இவ்வளவு எளிதாகவும் இவ்வளவு கொடியதாகவும் அமைகிறது என்பதை அறிய, நோயின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடலின் எதிர்ப்பு மண்டலம் மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. தமிழ்க் கலைச்சொல்லாக வழங்கும் ‘தண்டுவட மரப்பு நோய்’ மூளையை மறைத்துவிடுவதால் முழுமையான பெயராகாது. நோயாளிகளுள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு நோய் தாக்குவதும் தணிவதுமாகத் தொடங்குகிறது. ஒரு கண் மங்கும், சில வாரங்களில் தெளியும். கால் மரத்துப்போகும், பின் உணர்வு திரும்பும். அடுத்த தாக்குதல் ஆறு மாதத்தில் வரலாம்; ஆறு ஆண்டில் வரலாம். வீக்கம் வடிவதும், உறை ஓரளவு மீண்டும் படிவதும், மூளை மாற்று வழிகளைக் கண்டுகொள்வதும் சேர்ந்து இந்தத் தணிவை உண்டாக்குகின்றன. அதாவது, அடங்குவது இந்நோயின் இயல்பு.

மனிதர் புதிய உணவுமுறையை எப்போது தொடங்குகிறார்? உடல் நன்றாக இருக்கும் நாளிலா? தாக்குதலின் உச்சத்தில், அச்சத்தின் உச்சத்தில் தொடங்குகிறார். உச்சத்திலிருந்து செல்லக்கூடிய திசை பெரும்பாலும் இறக்கமே. அந்த நாளில் முருங்கைக்கீரை உண்ணத் தொடங்கியவரும் தேறுவார். முருங்கைக்கீரையை விட்டவரும் தேறுவார். மருந்து ஆய்வுகளில் வெற்று ஊசி பெற்றவர்களுக்கும், ஆய்வில் சேருவதற்கு முந்திய ஆண்டுகளைவிடத் தாக்குதல்கள் குறைவது வழக்கம். தாக்குதல் மிகுந்திருந்த காலத்தில்தான் அவர்கள் ஆய்வுக்கே தெரிந்தெடுக்கப்பட்டார்கள் என்பது இதற்கு ஒரு முதன்மையான காரணம். முதல் மருந்தான இன்டர்ஃபெரான் 1993இல் ஏற்கப்பட்டபோது, ‘ஊசி போட்டவர்கள் தேறினார்கள்’ என்பது போதவில்லை; வெற்று ஊசி பெற்றவர்களைவிட எவ்வளவு தேறினார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி மருந்துக்கு மட்டும் ஏன்? உணவுக்கு ஏன் இல்லை?

இந்தியத் தட்பவெப்பம் இதில் இன்னொரு மயக்கத்தையும் சேர்க்கிறது. உடல் வெப்பம் சற்று ஏறினாலே இந்நோயாளிகளின் பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் தலைதூக்கும். ஊத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இலேயே இதைக் குறித்தார். நாக்பூரிலோ டெல்லியிலோ மே மாதத்தில் நடை தளர்ந்து, உணவை மாற்றி, நவம்பரில் நன்றாக நடக்கும் ஒருவர், தம்மைத் தேற்றியது கோதுமையின்மை என்று நம்புவார். குளிர்காலத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

உணவுமுறைகளின் பக்கம் ஆய்வே இல்லையா என்று கேட்போர் உண்டு. உண்டு, அவற்றை நேர்மையாகப் படித்தால் அவை சொல்வதும் இதையே. ராய் ஸ்வாங்க் என்ற நரம்பியல் மருத்துவர் 1940களின் இறுதியில் மான்ட்ரியல் நகரில் 144 நோயாளிகளுக்குக் கொழுப்பு மிகக் குறைந்த உணவைப் பரிந்துரைத்து, 34 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1990இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார். உணவைக் கடைப்பிடித்தவர்கள் பெரிதும் தப்பினார்கள், கடைப்பிடிக்காதவர்கள் பெரிதும் நலிந்தார்கள் என்றார். வியக்கத்தக்க உழைப்பு. ஆனால் ஒப்பிடுவதற்குக் கட்டுப்பாட்டுக் குழு இல்லை. கடைப்பிடித்தவர், கடைப்பிடிக்காதவர் என்ற பிரிவு குலுக்கலால் அமைந்ததன்று, வாழ்க்கையால் அமைந்தது. நலிந்துகொண்டே போகும் ஒருவர் பயன்தராத பத்தியத்தைக் கைவிடுவார். தேறிவரும் ஒருவர் தொடருவார். அவ்வாறாயின் உணவு உடல்நிலையைத் தீர்மானித்ததா, உடல்நிலை உணவைத் தீர்மானித்ததா? அந்தத் தரவால் விடைசொல்ல இயலாது.

அமெரிக்க மருத்துவர் டெர்ரி வால்ஸின் கதை இன்னும் புகழ்பெற்றது. 2000இல் நோய் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் சக்கர நாற்காலிக்கு வந்து, பின் அதிலிருந்து எழுந்து மிதிவண்டி ஓட்டியவர். அவருடைய 2011ஆம் ஆண்டு உரையை உலகெங்கும் மக்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தேறலில் காய்கறிகளுக்குப் பக்கத்தில் தசைகளுக்கு மின்தூண்டல் இருந்தது, அன்றாடப் பயிற்சி இருந்தது என்பதைப் பகிர்வோர் சொல்வதில்லை. பிறகு அவருடைய குழுவே ஓர் ஒப்பாய்வு நடத்தி 2021இல் வெளியிட்டது, அது பாராட்டத்தக்கது. ஸ்வாங்க் உணவு ஒரு பக்கம், வால்ஸ் உணவு மறுபக்கம். முதலாவது கொழுப்பை விலக்கித் தானியத்தை ஏற்கும்; இரண்டாவது தானியத்தை விலக்கி இறைச்சியை ஏற்கும். இரண்டு குழுக்களிலும் சோர்வு குறைந்தது. ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு உணவுமுறைகள் ஒரே நன்மையைத் தந்தால், நன்மை எந்தப் பண்டத்திலிருந்து வந்தது? வீட்டில் சமைத்ததை உண்டதும், எடை குறைந்ததும், யாரோ ஒருவர் வாரந்தோறும் அக்கறையாக விசாரித்ததும் கூடக் காரணமாகலாம். அவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் அவற்றுக்கு நோயை ‘முறியடித்தல்’ என்று பெயரில்லை.

உண்ணாநோன்பின் நிலையும் இதுதான். வால்டர் லாங்கோவின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயைப் போன்ற ஒன்று செயற்கையாக உண்டாக்கப்பட்ட எலிகளுக்குப் பட்டினியை ஒத்த உணவு தரப்பட்டது. அவற்றில் ஐந்தில் ஒரு பங்கிற்கு அறிகுறிகள் முற்றிலும் மறைந்தன. உயிரியல் நோக்கில் மிகச் சுவையான செய்தி. அதே கட்டுரையில் மனிதர்கள்மீது செய்யப்பட்ட பகுதி சிறியது. அது காட்டியது வாழ்க்கைத்தரம் பற்றிய முன்னேற்றத்தை. பகிரப்படும் செய்திகளில் எலி காணாமற்போய்விடுகிறது. எஞ்சிய ஐந்தில் நான்கு எலிகளும் காணாமற்போய்விடுகின்றன. 2020இல் காக்ரேன் தொகுப்பாய்வு, உணவு மாற்றங்களையும் உணவுச் சேர்க்கைகளையும் சோதித்த முப்பது ஆய்வுகளை ஒருசேரப் பார்த்தது. தாக்குதல்களையோ ஊனத்தையோ அவை மாற்றுகின்றன என்றோ மாற்றவில்லை என்றோ முடிவுகட்டப் போதிய சான்று இல்லை என்பதே அது கண்டது. ‘போதிய சான்று இல்லை’ என்பதை ‘மருத்துவ உலகம் மறைக்கிறது’ என்று மொழிபெயர்ப்பது ஆய்வாளர்க்கு அழகன்று.

இத்தகைய நம்பிக்கையலை இந்நோயாளிகளுக்குப் புதிதும் அன்று. 2009இல் இத்தாலிய மருத்துவர் பாவ்லோ சம்போனி, கழுத்துச் சிரைகள் குறுகியிருப்பதே இந்நோயின் வேர் என்றும், அவற்றை விரித்துவிட்டால் நோய் தணியும் என்றும் அறிவித்தார். ‘விடுதலைச் சிகிச்சை’ என்று அதற்குப் பெயர் வந்தது. கனடாவில் நோயாளிகள் இணையத்தில் அணிதிரண்டனர். ஐயம் எழுப்பிய மருத்துவர்கள் மருந்து நிறுவனங்களின் கைக்கூலிகள் எனப்பட்டனர். தங்கள் நாட்டில் கிடைக்காத அந்தச் சிகிச்சைக்காகச் சேமிப்பை எடுத்துக்கொண்டு பலர் விமானமேறினர். அவர்கள் வந்திறங்கிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அன்றும் எழுந்து நடந்தவர்களின் காணொளிகள் ஆயிரக்கணக்கில் பரவின. 2013இல் கனடாவில் நடந்த ஆய்வு, சிரை குறுகல் நோயற்றவர்களிடமும் அதே அளவு இருப்பதைக் காட்டியது. 2017இல் சம்போனியே முன்னின்று நடத்திய ஆய்வில், சிரையை விரித்தவர்க்கும் விரிப்பதாகப் பாவனை செய்யப்பட்டவர்க்கும் வேறுபாடு இல்லை. காணொளிகளில் எழுந்து நடந்தவர்கள் பொய்யர்களா? இல்லை. அவர்களுக்கு நோய் அடங்கியிருந்தது.

இங்கே கல்விப்புலத்தின் ஒரு பகுதியினர் எழுப்பும் எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். நோயாளியின் வாழ்வனுபவமும் அறிவே. அதை ஒதுக்கிக் கட்டுப்பாட்டுக் குழு கேட்பது மேலைமருத்துவத்தின் ஆதிக்கம். நோன்பும் பத்தியமும் இம்மண்ணின் அறிவு என்கிறார்கள். முதற்பகுதியில் பெரும் உண்மை இருக்கிறது. சோர்வு எப்படிப்பட்டது, மருத்துவர் ஐந்து நிமிடத்தில் எதைக் கேட்கத் தவறுகிறார், ஊசி போட்ட மறுநாள் காலை எப்படி விடிகிறது என்பவற்றுக்கு நோயாளியே ஒரே சான்று. அவரை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ‘எனக்கு என்ன நேர்ந்தது’ என்பதற்கு அனுபவம் சான்றாவதைப் போல, ‘எதனால் நேர்ந்தது’ என்பதற்கும் அதுவே சான்றாகிவிடாது. மொழியியலில் இது முதலாண்டுப் பாடம். ஒரு வாக்கியம் இயல்பாக ஒலிக்கிறதா என்று தாய்மொழியாளரிடம் கேட்கலாம்; அது ஏன் இயல்பாக ஒலிக்கிறது என்று அவரே சொல்லும் விளக்கத்தை இலக்கண விதியாக எழுதிக்கொள்வதில்லை. அதனால் தாய்மொழியாளர் இழிவுபடுத்தப்படுகிறார் என்று எவரும் சொல்வதுமில்லை.

‘இம்மண்ணின் அறிவு’ என்ற வாதம் இன்னும் வலுவற்றது. பகிரப்படும் உணவுமுறைகளின் ஊரைப் பாருங்கள்: மான்ட்ரியல், ஓரிகன், அயோவா, கலிஃபோர்னியா. மஞ்சளும் நெய்யும் ஓரத்தில் தூவப்பட்டதால் அவை இம்மண்ணுக்கு உரியன ஆகிவிடா. மறுபுறம், இதே இந்தியாவில் மும்பைப் பார்சி சமூகத்தில் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதைப் பதிவுசெய்தவர்கள் இந்நாட்டு நரம்பியலாளர்கள். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற, தோற்றத்தில் ஒத்ததும் சிகிச்சையில் வேறானதுமான நோயைப் பிரித்தறிய இந்திய நோயாளிகளிடம் உழைத்தவர்களும் அவர்களே. அந்த நோயில் ஒரே தாக்குதல் பார்வையை நிலையாகப் பறித்துவிடக்கூடும். அதைப் பத்தியத்தால் சமாளிக்க முயலும் ஒவ்வொரு வாரமும் விழிகளின் கணக்கில் எழுதப்படுகிறது. மண்ணின் அறிவு என்று கொண்டாடத்தக்க உழைப்பு இங்கே இருக்கிறது, அது பகிரப்படுவதில்லை.

இனி, தீங்கு என்ன என்ற கேள்வி. நல்ல காய்கறி உண்பதில் என்ன கேடு? கேடு எதுவும் இல்லை. கேடு, ‘மருந்தையும் எறிந்தார்’ என்ற கடைசி வரியில் இருக்கிறது. இந்நோயின் வெளித்தெரியும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் மட்டும் தெரியும் பல புதிய வடுக்கள் உண்டு. ஆள் நன்றாக நடக்கிறார், வகுப்பெடுக்கிறார், படம் பகிர்கிறார். உள்ளே இழப்பு நடந்துகொண்டிருக்கிறது. மூளை தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கிறது. சேமிப்பு தீரும் நாளில் வருவது, தணிவில்லாத படிப்படியான நலிவு. அப்போது தொடங்கும் மருந்து, இழந்ததை மீட்காது. இன்னொன்று: ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்தினால், நோய் பழைய அளவுக்கும் மேலாகச் சீறி எழக்கூடும். ஃபிங்கோலிமோடை நிறுத்தியபின் ஏற்பட்ட கடும் ஊனங்கள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. கைத்தடியை எறிந்த படத்துக்கு முந்நூறு கைகூப்பல்கள் கிடைக்கும். மருந்தை நிறுத்திய எட்டாவது மாதத்தில் படுக்கையில் விழுந்தவர் படம் பகிர்வதில்லை. அவர் குழுவிலிருந்து அமைதியாக விலகிவிடுகிறார்.

விலகும்போது அவர் தலையில் இன்னொரு சுமையும் ஏறியிருக்கிறது. அடங்கியதை ‘அடக்கினேன்’ என்று சொல்லப் பழகிய மொழி, நோய் திரும்பும்போது சும்மா இருப்பதில்லை. அதே இலக்கணம் எதிர்த்திசையில் வேலைசெய்யும்: நோய் வந்தது அன்று, நீ வரவழைத்துக்கொண்டாய். திருமண வீட்டில் ஒரு ஜிலேபி தின்றாயே. நோன்பை நடுவில் முறித்தாயே. இந்நோய் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதியாக வருவது. இந்தியக் குடும்பத்தில் அந்த வயதுப் பெண் யாருடைய உணவைச் சமைக்கிறாள், யாருடைய தட்டு நிறைந்தபின் உண்கிறாள் என்பது எவருக்கும் தெரியாததன்று. வீட்டுக்கு ஒரு சமையல், தனக்கு ஒரு பத்தியச் சமையல் என்று இரட்டை அடுப்பு மூட்டும் வேலை, சோர்வையே முதல் அறிகுறியாகக் கொண்ட நோயாளியின்மேல் விழுகிறது. ஏற்கெனவே விரதங்களால் நிரம்பிய அவளுடைய நாட்காட்டியில் இன்னொரு விரதம் ஏற்றப்படுகிறது. கோடையில் நீரும் அருந்தாத நோன்பு என்றால், வெப்பத்தாலும் நீரிழப்பாலும் அவள் தளர்வாள். அந்தத் தளர்ச்சிக்கும் அவளே பொறுப்பாக்கப்படுவாள்.

மறுதரப்பிலும் குற்றம் இல்லாமல் இல்லை. நரம்பியல் மருத்துவரின் அறையில் நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ‘இது வாழ்நாள் நோய், இந்த மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பதோடு உரையாடல் முடிந்தால், ‘நான் என்ன செய்யலாம்’ என்ற நியாயமான கேள்வியோடு நோயாளி தெருவுக்கு வருகிறார். தெருவில் விடை வைத்திருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான விடையும் உண்டு. அதைச் சொல்லாததே மருத்துவத்தின் தவறு.

புகையை விட வேண்டும்: புகைத்தல் நோய் வரும் வாய்ப்பையும் வந்தபின் நலியும் வேகத்தையும் கூட்டுகிறது. உடற்பயிற்சி செய்ய வேண்டும்: பயிற்சி நோயைக் கெடுக்கும் என்ற பழைய அச்சம் தவறு, அது நடையையும் சோர்வையும் மனநிலையையும் மேம்படுத்துகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்: இவை சேர்ந்தால் ஊனம் விரைகிறது. வைட்டமின் டி குறைவைச் சரிசெய்ய வேண்டும். முதல் தாக்குதலுக்குப் பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் அலகு வைட்டமின் டி பெற்றவர்களுள் 60 விழுக்காட்டினருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களுள் 74 விழுக்காட்டினருக்கும் நோய்ச்செயல்பாடு தென்பட்டது என்று பிரெஞ்சு ஆய்வொன்று 2025இல் காட்டியது. ஏற்கெனவே மருந்தில் இருந்தவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வோ, 2023இல், கூடுதல் அளவு தந்ததால் தாக்குதல் குறையவில்லை என்று கண்டது. உண்மையான அறிவு இப்படித்தான் இருக்கும்: ஓரிடத்தில் பலன், ஓரிடத்தில் பலனின்மை, அளவு, நிபந்தனை. இவற்றுள் எதுவும் மருந்துக்கு மாற்று அன்று. மருந்தோடு சேர்ந்து நிற்பவை. ‘உம்’ என்ற இடைச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ‘அல்லது’ என்பதை வைப்பதுதான் குணக்கதைகளின் இரண்டாவது இலக்கணப் பிழை.

மருந்து வாங்க முடியாதவருக்கு இந்த வாதமெல்லாம் எதற்கு என்ற கேள்வி எஞ்சுகிறது. இதுவே முதன்மையான கேள்வி. குணக்கதைகள் மூடிமறைப்பதும் இதையே. உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் முதன்முறையாக இந்நோய்க்கான மூன்று மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது: கிளாட்ரிபின், கிளாட்டிரமர், ரிட்டுக்சிமாப். மூன்றாவது மருந்தின் ஒப்புயிரி வடிவத்தை இந்திய நிறுவனம் 2007இலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. சுவீடனில் நடந்து 2022இல் வெளியான ஒப்பாய்வில், ரிட்டுக்சிமாப் பெற்றவர்களுள் 3 விழுக்காட்டினருக்கும், டைமெதில் ஃபியூமரேட் பெற்றவர்களுள் 16 விழுக்காட்டினருக்கும் தாக்குதல் நேர்ந்தது. ஆகவே, இந்தியாவில் உற்பத்தியாகும், பிற உயிரியல் மருந்துகளைவிட விலை குறைந்த, சோதிக்கப்பட்ட மருந்து ஒன்று இருக்கிறது. அதை ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் தடையின்றித் தர வேண்டும் என்று எத்தனை முகநூல் பதிவுகள் கேட்கின்றன? நோயைத் தட்டுக்குள் அடைத்துவிட்டால் அரசுக்கு எவ்வளவு நிம்மதி! பொறுப்பு முழுவதும் சமையலறைக்குப் போய்விடுகிறது.

பல்கலைக்கழகங்களுக்கும் அதே நிம்மதி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகை ஊனங்களுள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர்சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அரசு வேலையில் 4 விழுக்காட்டு ஒதுக்கீடு பற்றிய அச்சட்டத்தின் 34ஆம் பிரிவில் அதன் பெயர் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர்பட்ட விதிகள், 40 விழுக்காட்டுக்கு மேல் ஊனமுற்ற ஆய்வாளருக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதல் அவகாசம் தர வழிவகுக்கின்றன. தாக்குவதும் தணிவதுமான நோயை எந்த நாளில் வைத்து விழுக்காடு அளப்பது? சான்றிதழ்க் குழுவின்முன் நிற்கும் நாளில் நோய் அடங்கியிருந்தால், ‘நன்றாகத்தானே இருக்கிறாய்’ என்பதே தீர்ப்பு. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஒரு பக்கம் படிக்க இயலாத சோர்வை அளக்க அங்கே கருவி இல்லை. இத்துறைகளில் பேசவேண்டிய பேராசிரியர்கள், அந்த ஆய்வாளருக்குக் கோதுமையற்ற உணவுப்பட்டியலை அனுப்பிவைத்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதுகிறார்கள்.

ஆகவே, அடுத்த குணக்கதை கைபேசிக்கு வரும்போது, பகிர்வதற்கு முன் கேட்க வேண்டியவை சிலவே. இவர் தேறியதற்கு முன் எந்த நிலையில், எந்தப் பருவத்தில் தொடங்கினார்? அக்காலத்தில் வேறென்ன செய்துகொண்டிருந்தார், எந்த மருந்து உடலில் எஞ்சியிருந்தது? புதிய எம்.ஆர்.ஐ. படம் உண்டா, அல்லது புகைப்படம் மட்டுமா? இதே உணவை உண்டு தேறாதவர்கள் எங்கே? இக்கேள்விகளை முனைவர்பட்ட வாய்மொழித் தேர்வில் கூசாமல் கேட்பவர்கள், சக ஆய்வாளரின் நரம்பு பற்றிய பேச்சில் கேட்கக் கூசுவது இரக்கம் ஆகாது. தேறியவரிடம் கேட்க வேண்டியதும் இல்லை, அவர் மகிழட்டும். பகிர்பவர் தம்மையே கேட்டுக்கொண்டால் போதும்.

அகஸ்டஸ் டெஸ்டே ஃபிளாரன்ஸிலிருந்து திரும்பிய பின் குதிரைச் சவாரி, நீராட்டு, மின்னூட்டம், களிம்பு என அக்காலம் அறிந்த அனைத்தையும் முயன்றார். ஒவ்வொன்றையும் நம்பிக்கையோடு நாட்குறிப்பில் எழுதினார். கடைசி ஆண்டுகள் சக்கர நாற்காலியில் கழிந்தன. அவர்மேல் எந்தப் பிழையும் இல்லை. 1848இல் வேறு எதுவும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. இருப்பதை அறிந்தும் அதை ஒரு நண்பரின் கையிலிருந்து தட்டிவிடும் கதையைக் கைகூப்பிப் பகிர்கிறவர்களுக்கு டெஸ்டேயின் காரணம் கிடையாது.